பணத்தை ஒன்றாகப் போட்டவர்கள் ஏன் அம்மாவை மாறி மாறித் தள்ளுகிறார்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 78. மேற்கு லண்டனில், அவருடைய பெயரில் உள்ள வீட்டில், என் குடும்பத்தோடு இருந்தவர். ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வைத்தியசாலையிலிருந்து ‘அசெஸ்மென்ட் பெட்’ என்று சொல்லி ஒரு நேர்சிங் ஹோமுக்கு மாற்றினார்கள். ஆறு கிழமைக்குப் பிறகு காசு கட்டவேண்டி வரும் என்று இப்போது சொல்கிறார்கள். கவுன்சிலைக் கேட்டால் அது ஹெல்த் என்கிறார்கள். என்எச்எஸ்ஸைக் கேட்டால் சோசல் கெயார் என்கிறார்கள். தந்த துண்டுப்பிரசுரத்திலோ இரண்டு பகுதியும் ‘ஜொயின்ட் கமிஷனிங்’ (சேவைகளைச் சேர்ந்து ஏற்பாடு செய்வது) செய்வதாகவும், பணத்தை ஒரே நிதியில் போட்டிருப்பதாகவும் இருக்கிறது. அப்படியென்றால் ஏன் இந்த இழுபறி? அம்மாவிடம் 19,000 பவுண் சேமிப்பும், சாவகச்சேரியில் ஒரு காணியும், கொஞ்சம் நகையும் உண்டு. வீட்டை உடனே என் பெயருக்கு மாற்றச் சொல்லி ரொறன்ரோவிலிருக்கும் அண்ணா நெருக்குகிறார். நான் என்ன செய்யவேண்டும்?
— மேற்கு லண்டன் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மா போன்றவர்களுக்கான சேவைகளை ஏற்பாடு செய்யும் மேசையில்தான் நான் இப்போது இருக்கிறேன். அதற்கு முன்பு சோசல் வேர்க்கராக இருந்தேன். ஆகவே அந்தத் துண்டுப்பிரசுரம் எப்படி எழுதப்படுகிறது, அதில் எது விடப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். அதில் உள்ளது பொய்யில்லை. ஆனால் உங்களுக்குத் தேவையான ஒரு வரி அதில் இல்லை. பணம் ஒன்றாகிறது, சட்டக்கடமை ஒன்றாவதில்லை.

இங்கிலாந்தில் என்எச்எஸ்ஸும் கவுன்சிலும் நிதியை ஒன்றாகப் போடுவது 2006ஆம் ஆண்டின் தேசிய சுகாதார சேவைச் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ். அதே பிரிவிலேயே, இந்த ஏற்பாட்டால் என்எச்எஸ்ஸின் பொறுப்போ, கவுன்சிலின் பொறுப்போ, கட்டணம் அறவிடும் அதிகாரமோ மாறாது என்றும் எழுதியிருக்கிறது. ஒரே உலையில் இரு வீட்டு அரிசியையும் போட்டுச் சமைத்துவிட்டு, யார் வீட்டு அரிசி எத்தனை கொத்து என்று கொப்பியில் தனித்தனியாக எழுதிவைப்பது போலத்தான் இது. ஒப்பந்தத்தில் யார் எவ்வளவு போடுவது, செலவு கூடினால் யார் தாங்குவது, நிதியை யார் நிர்வகிப்பது என்று பக்கம் பக்கமாக இருக்கும். ‘இந்த நோயாளி யாருடையவர்’ என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு ஆளுக்கும் தனியாகத் தீர்க்கப்படுகிறது. உங்கள் அம்மா இப்போது நிற்பது அந்த இடத்தில்.

இந்தப் பிளவு இன்று நேற்று வந்ததல்ல. 1948 ஜூலை 5ஆம் திகதி என்எச்எஸ் தொடங்கியபோது வைத்தியம் எல்லோருக்கும் இலவசம் ஆனது. அதே ஆண்டு வந்த தேசிய உதவிச் சட்டம் முதியோர் பராமரிப்பைக் கவுன்சில்களிடம் கொடுத்தது, வசதி பார்த்துக் காசு வாங்கலாம் என்ற விதியோடு. பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒட்டுப்போட்டார்கள். 1976இல் கூட்டு நிதி, 1999இல் நிதியை ஒன்றாக்கும் சட்ட அனுமதி, 2013இல் அறிவித்து 2015இல் தொடங்கிய பெட்டர் கெயார் ஃபண்ட் என்ற கூட்டு நிதி, 2022 ஜூலையில் ஐசிபி என்று நாங்கள் சொல்லும், ஒவ்வொரு பகுதியிலும் என்எச்எஸ் நிதியை நிர்வகிக்கும் ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபைகள். பெட்டர் கெயார் ஃபண்ட் வந்தால் அவசரமாக வைத்தியசாலையில் சேர்பவர்கள் குறைவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அவர்கள் கூடினார்கள் என்று தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2017இல் எழுதியது. ஆனாலும் இந்த நிதியை நான் குறைசொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் பல கவுன்சில்களில் வீட்டுப் பராமரிப்பே சுருங்கியிருக்கும். ஒரு பக்கம் இலவசம், மறு பக்கம் கட்டணம் என்ற அடிப்படையை மாற்றாமல் நடுவில் எவ்வளவு காசைக் கலந்தாலும், எல்லைக்கோட்டில் இருக்கும் ஆளை இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்துக்குத் தள்ளத்தான் பார்க்கும். கெட்ட மனிதர்களால் நடப்பதல்ல அது. இரண்டு வரவுசெலவுத் திட்டங்களும் ஓட்டையாக இருப்பதால் நடப்பது.

(ஸ்கொட்லாந்தில் இருக்கும் வாசகர்கள் இதை அப்படியே தங்களுக்குப் பொருத்த வேண்டாம். அங்கே 2002 முதல் முதியோருக்கான தனிநபர் பராமரிப்பு இலவசம். இந்த ஒருங்கிணைப்புக்கும் தனிச் சட்டம் உண்டு. வேல்ஸ், வட அயர்லாந்து விதிகளும் வேறு.)

ஆகவே என் ஆலோசனையின் சுருக்கம்: ஒன்றாக்கப்பட்ட பகுதி உங்களுக்கு உதவும் இடத்தில் அதைக் கெட்டியாகப் பிடியுங்கள். பிரிந்திருக்கும் கோடு உங்களுக்கு உதவும் இடத்தில் அந்தக் கோட்டைக் காட்டிக் கேளுங்கள்.

முதலில் அந்தக் கட்டில். ‘அசெஸ்மென்ட் பெட்’ என்பது வைத்தியசாலைக் கட்டிலைக் காலியாக்க வந்த ஏற்பாட்டின் பெயர். அது என்ன வகைச் சேவை என்பதை அந்தப் பெயர் சொல்லாது. அம்மாவை எழுப்பி உட்காரவைத்து, இயன்முறைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி என்று மீட்டெடுக்கும் நோக்கத்தோடு கொடுக்கப்பட்டது என்றால் அது ‘இன்டர்மீடியட் கெயார்’. அதற்கு முதல் ஆறு கிழமை கட்டணம் கிடையாது. சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் கிடையாது. வீட்டுக்கு வந்தபின் கெயாரர்கள் வந்து தானாகச் செய்யப் பழக்கும் ‘ரீஎய்பிள்மென்ட்’டுக்கும் இதே விதிதான். மீட்பு நோக்கம் எதுவும் இல்லாமல், ‘முடிவு எடுக்கும்வரை இருக்கட்டும்’ என்று மட்டும் வைத்திருந்தால் யார் காசு கொடுப்பது என்பது உள்ளூர் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வைத்தியசாலையிலிருந்து வெளியேறுபவர்களுக்காக 2020இல் கொவிட்டோடு வந்த தேசிய டிஸ்சார்ஜ் நிதி 2022 மார்ச்சில் நின்றுவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதம்.

அதனால் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். கவுன்சிலின் டிஸ்சார்ஜ் குழுவுக்கும் ஐசிபியின் கன்டினியூயிங் ஹெல்த்கெயார் (என்எச்எஸ் முழுச் செலவையும் ஏற்கும் பராமரிப்பு, கீழே விளக்குகிறேன்) குழுவுக்கும் ஒரே மின்னஞ்சலாக, இருவர் முகவரியும் தெரியும்படி அனுப்புங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். இந்தக் கட்டிலுக்கு எந்த நிதியிலிருந்து, எந்த வகைச் சேவையாகக் காசு போகிறது? கட்டணம் எந்தத் திகதியிலிருந்து, எந்தச் சட்டத்தின் கீழ்? அதற்கான முதல் படிவமான கன்டினியூயிங் ஹெல்த்கெயார் செக்லிஸ்ட் நிரப்பப்பட்டதா, ஆமென்றால் பிரதி எங்கே? தொலைபேசியில் ‘அது ஹெல்த்’ என்று சொல்வது எளிது. மற்றப் பகுதியும் வாசிக்கிற கடிதத்தில் அப்படி எழுத யாரும் இரண்டு முறை யோசிப்பார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். கவுன்சில் காசு கேட்க முன்னர், 2014ஆம் ஆண்டின் கெயார் சட்டப்படி அம்மாவின் தேவைகளை மதிப்பிட்டு, பிறகு பண வசதியை மதிப்பிட்டு, இரண்டையும் எழுத்தில் தரவேண்டும். அது நடக்காமல் ‘ஏழாவது கிழமையிலிருந்து பில் வரும்’ என்று ஹோம் மனேஜர் சொன்னால், கையெழுத்துப் போடாதீர்கள். முக்கியமாக உங்கள் பெயரில் ஹோமோடு எந்த ஒப்பந்தமும் போடவேண்டாம்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் பின்பகுதியில், கேள்வியாக இல்லாமல் வருத்தமாக எழுதியிருந்தவற்றை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். தண்ணீர்கூடத் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறுகிறது. இன்சுலின் அளவு நாளுக்கு நாள் மாறுகிறது. ஹொயிஸ்ட் என்ற தூக்கும் கருவி போட்டு இருவர் தூக்கவேண்டும். இடுப்பில் புண் தொடங்கியிருக்கிறது. இங்கிலிஷ் முழுக்கப் போய், தமிழிலும் சில சொல் மட்டும் வருகிறது. இரவில் பயந்து எழும்பிக் கையைத் தட்டிவிடுகிறார். இவை அந்தச் செக்லிஸ்ட்டில் தனித்தனித் தலைப்புகள்.

கன்டினியூயிங் ஹெல்த்கெயார் என்பது, ஒருவருடைய முதன்மையான தேவை மருத்துவத் தேவை என்று முடிவானால் பராமரிப்பு முழுவதையும் என்எச்எஸ் தன் செலவில் செய்வது. நேர்சிங் ஹோம் என்றால் தங்கும் செலவும் உணவும் சேர்ந்துதான். வீட்டிலும் கிடைக்கும். சேமிப்பைப் பார்க்கமாட்டார்கள், வீட்டைப் பார்க்கமாட்டார்கள். நோயின் பெயரையும் பார்க்கக்கூடாது. 1999இல் கொஃலன் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கவுன்சிலின் எல்லை எது என்று வரையறுத்த பிறகுதான் இது ஒழுங்குக்கு வந்தது. தாதிப் பராமரிப்பு, மற்ற உதவியோடு தற்செயலாகவும் துணையாகவும் வருகிற அளவைத் தாண்டினால், கவுன்சில் அதைச் செய்யச் சட்டத்திலேயே இடமில்லை. கெயார் சட்டத்தின் 22ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. ஆகவே ‘யார் செய்வது’ என்பது அவர்களுக்கிடையிலான பேரம் மட்டும் அல்ல. கோடு ஒன்று இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

முதல் படி செக்லிஸ்ட். பயிற்சி பெற்ற தாதியோ வைத்தியரோ சோசல் வேர்க்கரோ நிரப்பலாம். பதினொரு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி என்று மூன்று நிலை. இரண்டு ஏ வந்தால் போதும். ஐந்து பி வந்தாலும் போதும். ஒரு ஏயும் நான்கு பியும் வந்தாலும் போதும். மூச்சு, நடத்தை, மருந்து, சுயநினைவு மாற்றம் ஆகிய நான்கில் ஒன்றில் ஒரே ஒரு ஏ வந்தாலே போதும். இந்த வாசல் வேண்டுமென்றே தாழ்வாக வைக்கப்பட்டது. அதைத் தாண்டியவர்களில் பலர் முழு மதிப்பீட்டில் தகுதி பெறுவதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முழு மதிப்பீட்டில் தலைப்பு பன்னிரண்டு. குறைந்தது இரண்டு துறைசார்ந்தோர், வழக்கமாக ஹெல்த்தில் ஒருவரும் கவுன்சிலின் சோசல் வேர்க்கரும், சேர்ந்து செய்ய வேண்டும். கூட்டு வேலை என்ற பேச்சு உண்மையில் உங்களுக்கு உதவும் இடம் இது. சோசல் வேர்க்கர் வராமல் கூட்டம் நடத்தப் பார்த்தால் ஒத்திவைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ‘இது எங்கள் சட்ட எல்லைக்கு அப்பாற்பட்டது’ என்று சொல்ல அந்த மேசையில் ஆள் வேண்டும். தலைப்புகளைக் கூட்டிப் புள்ளி போடுகிற பரீட்சையல்ல அது. தேவைகளின் தன்மை, தீவிரம், சிக்கல், எதிர்பாராமை என்ற நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு வலு அதிகமான வாதம் இங்கேதான்: விழுங்க முடியாததால் சாப்பாடு குறைகிறது, சாப்பாடு குறைந்தால் இன்சுலின் தவறுகிறது, சர்க்கரை ஏறினால் புண் ஆறாது, வலியைச் சொல்லத் தமிழ்ச் சொல்லும் வராததால் கையைத் தட்டிவிடுகிறார். ஐந்து நடுத்தரத் தேவைகளாகப் பிரித்து எழுதினால் சாதாரணமாகத் தெரியும். ஒன்றையொன்று எப்படி இழுக்கிறது என்று எழுதினால்தான் சிக்கல் தெரியும்.

செக்லிஸ்ட் ஐசிபிக்குப் போய் வழக்கமாக 28 நாளுக்குள் முடிவு வரவேண்டும். அதற்கு மேல் இழுத்தடித்து, பிறகு தகுதி உண்டென்று வந்தால், 29ஆம் நாளிலிருந்து கட்டிய காசைத் திருப்பித் தரவேண்டும். ஆகவே ரசீதுகளை எறியாதீர்கள்.

இனி நம்மவர்களிடம் நான் அடிக்கடி காணும் ஒரு பழக்கம். மதிப்பிட ஆட்கள் வருகிறார்கள் என்றால் அம்மாவுக்குத் தலைவாரி, பொட்டு வைத்து, நல்ல சட்டை போட்டு உட்காரவைப்போம். ‘சாப்பிடுறாவா?’ என்றால் ‘ஓம், பரவாயில்லை’ என்போம். அரை மணிநேரம் கெஞ்சி ஊட்டினோம் என்று சொல்ல மனம் வராது, அம்மாவின் மானம் போகுமே என்று. வந்தவர் ‘உணவு: பிரச்சினை இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். நன்றாகப் பராமரிக்கப்படும் தேவையும் தேவைதான், பராமரிப்பு நன்றாக இருப்பதால் அதைக் குறைத்து மதிக்கக்கூடாது என்று தேசிய வழிகாட்டியே சொல்கிறது. ஆனால் நீங்கள் சொல்லாததை அவர்களால் எழுத முடியாது. இன்றிலிருந்து ஒரு கொப்பி வையுங்கள். எத்தனை மணிக்கு ஊட்டினீர்கள், எவ்வளவு நேரம் எடுத்தது, எப்போது புரையேறியது, இரவில் எப்போது எழும்பினார், எத்தனை பேர் தூக்கினார்கள், சர்க்கரை எவ்வளவு. ஹோமில் தாதிகள் எழுதும் குறிப்புகளின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தில் கண்ணீரைவிட இந்தக் கொப்பி பேசும்.

மொழிபெயர்ப்பை நீங்களே செய்யாதீர்கள். மகள் சொல்வதும் அம்மா சொல்வதும் ஒன்றாகப் பதிவாகும். தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். தமிழ் பேசும் கெயாரர் வேண்டும் என்பதையும் மதிப்பீட்டில் எழுதவையுங்கள். அது கிடைக்குமா என்பது வேறு விஷயம். எங்கள் மேசையில் அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது, எத்தனை மதிப்பீடுகளில் இந்தத் தேவை பதிவாகியிருக்கிறது என்று தேடுவோம். கோயிலிலும் கடையிலும் எல்லோரும் சொல்கிற குறை, கோப்பில் பூச்சியமாக இருக்கும். பதிவில்லாத தேவைக்கு யாரும் காசு ஒதுக்க மாட்டார்கள்.

கன்டினியூயிங் ஹெல்த்கெயார் இல்லை என்று முடிவு வந்தால்? எழுத்தில் காரணம் கேளுங்கள். ஆறு மாதத்துக்குள் ஐசிபியிடம் மீளாய்வு கேட்கலாம். அதற்குப் பிறகும் படிகள் உண்டு. அதைவிடப் பலருக்குத் தெரியாத ஒரு நடுவழி இருக்கிறது. முழுத் தகுதி இல்லாவிட்டாலும், கவுன்சில் சட்டப்படி செய்ய இயலாத மருத்துவப் பகுதியை மட்டும் என்எச்எஸ் ஏற்று, மற்றதைக் கவுன்சில் ஏற்கும் கூட்டுப் பொதி. ஹோமிலேயே நிரந்தரமாக இருப்பதென்றால், தாதிச் செலவுக்காக என்எச்எஸ் கிழமைக்கு ஒரு நிலையான தொகையை நேரே ஹோமுக்குக் கட்டும். பில்லில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருவரும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது அம்மாவின் பராமரிப்பை நிறுத்த முடியாது, ஒரு பகுதி மற்றவரோடு சேர்ந்து மறுமதிப்பீடு செய்யாமல் தன்பாட்டில் காசை நிறுத்தவும் கூடாது.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக யோசித்தால், ஒன்றாக்கப்பட்ட நிதி கைகொடுக்கும் இடங்கள் அதிகம். கட்டில், ஹொயிஸ்ட், கொமோட், புண் வராத மெத்தை எல்லாம் பெரும்பாலும் கூட்டு உபகரணக் களஞ்சியத்திலிருந்து இலவசமாக வரும். அவை வந்து பொருத்தப்பட முன்னர் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டாம். 2025 ஆகஸ்ட்டில் பல கவுன்சில்களுக்கு உபகரணம் வழங்கிய ஒரு பெரிய நிறுவனம் கலைப்புக்குப் போனது, ‘நாளைக்கு வரும்’ என்ற வாக்கு எவ்வளவு மெல்லியது என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. ஆயிரம் பவுணுக்கு உட்பட்ட சிறு மாற்றங்களுக்குக் கட்டணமில்லை. கீழ்த்தளத்தில் குளியலறை போன்ற பெரிய வேலைக்கு 30,000 பவுண் வரை மானியம் உண்டு, அதற்கு வசதி பார்ப்பார்கள். தமிழ் பேசும் ஒருவரை நீங்களே வேலைக்கு வைக்க, காசாகவே வாங்கலாம். கவுன்சில் தந்தால் டிரெக்ட் பேமன்ட், என்எச்எஸ் தந்தால் பர்சனல் ஹெல்த் பட்ஜெட். ஆனால் அதே வீட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினருக்குச் சம்பளமாகக் கொடுக்கப் பொதுவாக விடமாட்டார்கள். உங்களுக்கும் தனியாகக் கெயாரர் மதிப்பீடு கேளுங்கள். அது உங்கள் சொந்த உரிமை. அம்மாவுக்கு, உதவி தேவைப்படும் முதியோருக்கான அரச கொடுப்பனவான அட்டென்டன்ஸ் அலவன்ஸ் விண்ணப்பமும் இப்போதே போடலாம். 2025–26இல் அது கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுணாக இருந்தது. சேமிப்பைப் பார்க்கமாட்டார்கள்.

இனி அண்ணாவின் யோசனை. வேண்டாம்.

வீட்டை இப்போது மாற்றினால், பராமரிப்புக் கட்டணத்தைத் தவிர்க்கச் செய்தது என்று கவுன்சில் எடுத்துக்கொண்டு, வீடு இன்னும் அம்மாவிடம் இருப்பதாகவே கணக்குப் போடலாம். ஸ்ட்ரோக் வந்து நேர்சிங் ஹோமில் இருக்கும்போது மாற்றினால் வேறு காரணம் சொல்லவும் முடியாது. ஏழு வருடம் கழிந்தால் சரி என்று நம் ஆட்கள் சொல்வது மரண வரிக்கான விதி. இங்கே அப்படிக் கால எல்லை எதுவும் இல்லை. அதோடு அது தேவையில்லாத அவசரமும்கூட. அம்மா வீட்டில் இருந்து பராமரிப்புப் பெற்றால் வீட்டின் பெறுமதி கணக்கிலேயே வராது. ஹோமில் இருப்பு தற்காலிகம், திரும்பி வரும் எண்ணம் உண்டு என்றாலும் வராது. நிரந்தரம் என்று முடிவானால்தான் வரும். அப்போதும் முதல் 12 கிழமைக்கு அதை விட்டுவிட வேண்டும். பிறகு உடனே விற்காமல், கவுன்சில் கட்டிவிட்டுப் பின்னர் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேட்கலாம். அறுபது வயதைத் தாண்டிய உறவினர் அந்த வீட்டில் வசித்துவந்தால் வீடு முற்றாக விலக்கு. உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. அதற்குக் குறைவென்றாலும், அம்மாவைப் பார்க்கவென்று உங்கள் சொந்த வீட்டை விட்டு வந்திருந்தால் விலக்குக் கேட்கலாம். கொடுப்பது கவுன்சிலின் விருப்பம்.

சேமிப்பு: 23,250 பவுணுக்கு மேலென்றால் முழுச் செலவும் சொந்தக் காசு. 14,250க்குக் கீழென்றால் சேமிப்பைப் பார்க்கமாட்டார்கள். நடுவிலென்றால் ஒவ்வொரு 250 பவுணுக்கும் கிழமைக்கு ஒரு பவுண் வருமானமாகக் கொள்வார்கள். அம்மாவின் 19,000க்கு அது கிழமைக்கு 19 பவுண். இந்த எல்லைகள் 2010இலிருந்து அசையவில்லை. வாழ்நாள் செலவுக்கு 86,000 பவுண் உச்சவரம்பு என்று 2021இல் அறிவித்ததையும் 2024 ஜூலையில் கைவிட்டுவிட்டார்கள். யாராவது அதைச் சொன்னால் நம்பவேண்டாம்.

சாவகச்சேரிக் காணி கணக்கில் வரும். வெளிநாட்டில் உள்ள சொத்தும் சொத்துத்தான். அது 23,250க்கு மேலே தள்ளக்கூடும், அதனால் ஒளிக்க ஆசை வரும். ஒளிக்காதீர்கள். உறுதி யாருடைய பெயரில், சகோதரர்களோடு பங்கா, யாராவது குடியிருக்கிறார்களா, விற்றால் காசை இங்கே கொண்டுவர முடியுமா என்பதெல்லாம் பெறுமதியைக் குறைக்கும் காரணங்கள். அவற்றை ஆதாரத்தோடு வையுங்கள். நகைகள் தனிப்பட்ட உடைமை, கட்டணத்தைத் தவிர்க்கவென்று அண்மையில் வாங்கியவை அல்லாதவரை அவற்றைத் தொடமாட்டார்கள். சேமிப்பை இப்போது எடுத்து வளையல் வாங்குவதுதான் ஆபத்து.

எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் முறைப்பாடு செய்யுங்கள், இரண்டாக அல்ல ஒன்றாக. 2009ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஒரே முறைப்பாடு இரண்டு பகுதியையும் தொட்டால் அவர்கள் பேசி ஒருங்கிணைந்த ஒரே பதில் தரவேண்டும். ‘அந்தப் பகுதிக்கு அவர்களிடம் எழுதுங்கள்’ என்று திருப்பியனுப்ப முடியாது. அதிலும் திருப்தி இல்லாவிட்டால் உள்ளூராட்சிக்கும் என்எச்எஸ்ஸுக்கும் உள்ள இரண்டு ஒம்புட்ஸ்மன்களும் (முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரிகள்) சேர்ந்து விசாரிக்கும் வழி உண்டு. சம்பவம் நடந்து 12 மாதத்துக்குள் தொடங்கவேண்டும்.

அண்ணாவிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் உதவவேண்டுமென்றால் வேறு அவசர வேலை ஒன்று இருக்கிறது. அம்மாவுக்குப் பேச்சுத்தான் குறைந்திருக்கிறது. விளங்கிக்கொண்டு தலையசைக்கிறார், விருப்பம் காட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பணத்துக்கு ஒன்றும், உடல்நலத்துக்கும் பராமரிப்புக்கும் ஒன்றுமாக இரண்டு லாஸ்டிங் பவர் ஒஃப் அட்டோர்னி (அம்மாவின் சார்பில் முடிவெடுக்க மற்றவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) இப்போதே எழுத முடியுமா என்று, ஸ்ட்ரோக் பேச்சுப் பயிற்சியாளரும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் பக்கத்தில் இருக்க, ஒரு சொலிசிட்டரிடம் பாருங்கள். முடிவெடுக்கும் ஆற்றல் போய்விட்டால் நீதிமன்றத்தின் ஊடாகத்தான் போகவேண்டிவரும், செலவும் காலமும் பல மடங்கு. கனடாவில் இருந்துகொண்டே அவரும் உங்களோடு அட்டோர்னியாக இருக்கலாம். பத்திரத்தில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று போடச் சொல்லுங்கள். ‘கூட்டாக’ மட்டும் என்று போட்டால் ஒவ்வொரு முடிவுக்கும் அவருடைய சம்மதத்துக்காக நீங்கள் ரொறன்ரோவைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிவரும்.